மகன் எழுதும் புரோகிராமைத் தகப்பனார் சோதிக்க முடியுமா?

பெங்களூர் பீன்யாவில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டோ, ஏதோ ஓர் அலுவலகத்தில் பேரேடு எழுதிக்கொண்டோ, பிள்ளையை பி.சி.ஏ. படிப்பில் சேர்த்திருக்கும் தமிழர்கள் உண்டு. கல்லூரிக் கட்டணம் கட்டியாகிவிட்டது. லாப்டாப் தவணையில் வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு மேலும் விளக்கு எரிகிறது. என்ன படிக்கிறாய் என்று கேட்டால், “புரோகிராம் எழுதுகிறேன் அப்பா” என்று பதில் வருகிறது. அதற்கு மேல் கேட்க அவருக்குத் தயக்கம். நமக்கு அது தெரியாத விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறார்.

ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. முதலாண்டு மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் பெரும்பாலானவை கணக்கப்பிள்ளை வேலைதான். கொடுத்த எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? மூன்று எண்களில் பெரியது எது? இந்த ஆண்டு லீப் வருடமா? ஓர் எண்ணைத் திருப்பி எழுதினால் என்ன வரும்? இவற்றுக்கு விடை காண கம்ப்யூட்டர் தேவையில்லை. காண்கிற வழியை ஒரு படியும் விடாமல் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை.

தொல்லை என்னவென்றால், இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் விடை எங்கும் கிடைக்கிறது. முன்பு சீனியர் மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினார்கள். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் சில விநாடிகளில் முழு புரோகிராமும் வந்து விழுகிறது. நோட்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது. மூன்றாண்டு கழித்து வேலைக்கான நேர்முகத்தில் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, “எழுதுங்கள்” என்று சொல்லும்போதுதான் கட்டணம் எதற்குப் போனது என்று தெரியும்.

பேரேடு தெரிந்தவருக்கு எளிது

ஆகவே வீட்டிலேயே ஒரு சோதனை வைக்கலாம். 472 என்ற எண்ணைத் திருப்பி எழுதும் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடச் சொல்ல வேண்டும். முதல் பத்தியில் எண், இரண்டாவதில் பத்தால் வகுத்தால் வரும் மீதி, மூன்றாவதில் விடை. 472-ல் மீதி 2, விடை 2. எண் 47 ஆகிறது. அடுத்து மீதி 7, விடை 27. எண் 4 ஆகிறது. அடுத்து மீதி 4, விடை 274. எண் பூஜ்யமாகி வேலை முடிகிறது. இதற்கு ‘டிரை ரன்’ என்று பெயர். புரோகிராமை ஓட்டாமல், ஒவ்வொரு வரியாகத் தாளில் நடத்திப் பார்ப்பது. ரொக்கப் புத்தகத்தில் வரி வரியாக இருப்பு எழுதியவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சொந்தமாக எழுதிய பிள்ளை இந்தப் பத்திகளை நிரப்பிவிடும். பார்த்து எழுதிய பிள்ளை இரண்டாவது வரியிலேயே தலையைச் சொறியும்.

பிறகு 120-ஐக் கொடுத்துப் பார்க்கலாம். விடை 021 அல்ல, 21 என்றுதான் வரும். பூஜ்யம் எங்கே போயிற்று என்று சொல்லத் தெரிந்தால் பாடம் ஏறியிருக்கிறது.

இப்படித் தாளில் சரிபார்ப்பது பழைய வழக்கம். அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்துக் கிடந்த காலத்தில் ஒரு காற்புள்ளி தவறினாலும் காத்திருந்தது வீண். 1933-ல் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் கான்பூர் ஐ.ஐ.டி.யில் புரோகிராம் கற்பிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த அவருடைய பாடநூல்களைப் படித்துத் தேறியவர்கள் நாடெங்கும் உள்ளனர்.

லீப் வருடம் படுத்திய பாடு

மிக அற்பமாகத் தோன்றும் பயிற்சி லீப் வருடக் கணக்கு. நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்று எழுதி மூடிவிடுவார்கள். 1582-ல் போப் கிரிகோரி செய்த திருத்தத்தின்படி, நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் வருடம். 2000 லீப் வருடம், 1900 அல்ல.

இது பள்ளிப் பிள்ளைகள் மட்டும் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம். அலுவலகத்தில் எக்செல் பயன்படுத்தும் குமாஸ்தாக்கள் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பார்க்கலாம். பொதுவாக 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை! முன்னர் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளில் இருந்த பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் தெரிந்தே வைத்துக்கொண்டது.

அதே நிறுவனம் விற்ற ‘சூன்’ என்ற பாட்டுப் பெட்டியின் 30 ஜி.பி. மாடலுக்கு 2008 டிசம்பர் 31 அன்று நேர்ந்தது இன்னும் வேடிக்கை. ஆங்காங்கே பெட்டிகள் ஒருசேர உறைந்து நின்றன. நாள்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் சில வரிகள்தான் காரணம். நாள் 365-க்கு மேல் இருக்கும்வரை கழித்துக்கொண்டே போ என்பது கட்டளை. லீப் வருடமானால், 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழி என்று உள்ளே ஒரு நிபந்தனை. அன்று லீப் வருடத்தின் 366-வது நாள். 365-க்கு மேல் என்பதால் சுற்று நிற்கவில்லை. 366-க்கு மேல் இல்லை என்பதால் கழியவும் இல்லை. செக்குமாடு போலப் பெட்டி சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டரி தீர்ந்து, மறுநாள் பிறந்த பிறகுதான் விமோசனம். 366 என்ற ஒரே எண்ணைத் தாளில் நடத்திப் பார்த்திருந்தால் சிக்கியிருக்கும்.

பிழைகள் இப்படி ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். பூஜ்யம், ஒன்று, கடைசி எண், வருடத்தின் கடைசி நாள் ஆகிய இடங்களைத்தான் தகப்பனார் கேட்க வேண்டும். சி மொழியில் ஃபாக்டோரியல் கணக்குப் போட்டால், 12 வரை சரியாக வரும். சாதாரண முழு எண்ணுக்கு அங்கே 32 பிட் இடந்தான். 13-க்கு 622,70,20,800 வர வேண்டிய இடத்தில், வழக்கமாக 193,20,53,504 வருகிறது. பிழைச் செய்தி ஏதும் வராது. தவறான தொகை கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். பைத்தான் மொழியில் இந்த நெருக்கடி இல்லை. அதிலேயே பழகிய மாணவர்கள் சி-க்கு வரும்போது திகைப்பது இதனால்தான்.

நேர்முகத்தில் கேட்கும் கேள்வி ஒன்று 2007 முதல் பிரசித்தம். ஒன்று முதல் நூறு வரை அச்சிட வேண்டும். மூன்றால் வகுபட்டால் எண்ணுக்குப் பதில் ‘ஃபிஸ்’, ஐந்தால் வகுபட்டால் ‘பஸ்’, இரண்டாலும் வகுபட்டால் ‘ஃபிஸ்பஸ்’. பத்து வரிகூடத் தேவையில்லை. மூன்றால் வகுபடுகிறதா என்பதை முதலில் கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போகும்படி எழுதியவருக்கு 15 வரும்போது வெறும் ‘ஃபிஸ்’தான் அச்சாகும். பிள்ளையின் நோட்டை வாங்கி, 15-க்கு என்ன வருகிறது என்று விரலை வைத்துக் கேட்டால் போதும்.