கிணற்றுக்கட்டில் முளைத்த ஆல்

போன்சாய் என்றதும் எங்கள் ஊரில் முதலில் வருகிற கேள்வி, "மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்கிறது பாவமில்லையோ?" என்பதுதான். நியாயமான கேள்வி. தேத்தண்ணி ஆறமுன் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பட்டினி கிடக்கிற மரம் குள்ளமாகாது, செத்துப்போகும். வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெண்பைன் நிற்கிறது. 1625 முதல் சட்டியில் வளர்ந்துவருவது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்த நகரத்திலேயே, அதை வளர்த்த யமாக்கி குடும்பத்தின் மதிலோரம் நின்று தப்பியது. 1976இல் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த மரத்துக்கு இந்த ஆயுள் வராது.

அளவு குறைவதற்குக் காரணம் கத்தரிப்பு. நுனிக்குருத்தில் சுரக்கும் ஒட்சின் என்ற ஓமோன் கீழேயுள்ள மொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனியைக் கிள்ளிவிட்டால் அவை விழித்துப் பக்கக்கிளைகளாகும். தடித்த வேரை வெட்டினால் அந்த இடத்தில் நுண்வேர்கள் பெருகும். மேலும் கீழும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும்வரை, வெயிலும் தண்ணீரும் பசளையும் தாராளமாகக் கொடுக்கலாம். வெயில் என்று அழுத்திச் சொல்கிறேன்: விறாந்தை மேசையில் அழகுக்கு வைத்த ஆல் மெல்ல மெல்ல இலை கொட்டிவிடும்.

கன்றுக்குக் கடை தேடவேண்டாம். கிணற்றுக்கட்டு, கோயில் மதில், பனைமட்டை இடுக்கு என்று குருவி எச்சமிட்ட இடமெல்லாம் ஆல் முளைத்து நிற்கிறது. யாழ் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் போரால் வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த வீடுகளின் சுவர்களில் ஆலும் அரசும் வேரோடியிருந்ததை, காணிக்குத் திரும்பியவர்கள் அறிவார்கள். அவற்றை அகற்றத்தான் வேண்டும், சுவர் பிளந்துவிடும். ஆனால் வெட்டி எறியாதேயுங்கள். வெடிப்பில் நின்று பழகிய கன்று அடிமரம் தடித்து, சட்டி வாழ்வுக்கு ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது. உளியால் வேர் நோகாமல் எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, வெட்டுவாயில் பால் நின்றபின் நட்டு நிழலில் வையுங்கள். அரசின் இலை பெரிது, காம்பு நீளம். சிறு வடிவத்துக்கு இணங்காது. ஆலும் புளியும் தொடங்குகிறவர்களுக்கு நல்லவை.

இனித்தான் முக்கியமான விடயம்: தண்ணீர். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எங்களுக்கு வற்றாத ஆறில்லை, கிணறுதான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் சட்டி விளிம்பிலும் மண்ணிலும் படிகிறது. மண் காரமேறினால் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்கமுடியாது. தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் இதைப் பசளைக் குறை என்று நினைத்து யூரியா போடுகிறார்கள். மஞ்சள் தீராது, வேர்தான் கருகும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பரலில் பிடித்துவைத்து இடையிடையே அதை ஊற்றுங்கள். அந்த மழையில் சட்டியையும் வெளியே விடுங்கள், படிந்த உப்பு கழுவிப்போகும்.

அதற்கு மண் தண்ணீரை வடியவிடவேண்டும். செம்மண் மட்டும் போட்டால் இறுகிவிடும். பாதிக்குப் பாதி செங்கல்லை உடைத்து, தூளை அரித்துக் கழித்து, குறுணியைக் கலவுங்கள். கடற்கரை மணலும் சுண்ணக்கல் துகளும் வேண்டாம்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி போதும். ஆல் விரைவாகத் தடிப்பதால் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள், கம்பி பட்டையில் புதைந்தால் தழும்பு மாறாது.

சட்டி மாற்றுவதும் வேர் வெட்டுவதும் பங்குனியில். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் ஆழமில்லாத சட்டி அரைநாளில் காய்ந்துவிடும். அப்போது காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். புதிதாக மாற்றிய மரத்தைச் சட்டியோடு சேர்த்துக் கம்பியால் கட்டி, தென்மேற்கில் மதில் மறைக்கிற இடமாக வையுங்கள். காற்றில் அடிமரம் ஆடினால் புதுவேர் அறுந்துவிடும்.