மண்ணோடு கப்பலேறும் சிற்றுயிர்

ஈரமான பூந்தொட்டியைத் தூக்கிப் பார்த்தால், அடியில் எறும்பைவிடச் சிறிய வெள்ளை உயிர்கள் துள்ளுவதைக் காணலாம். அவை பெரும்பாலும் ஸ்பிரிங்டெயில்கள். வயிற்றுக்கடியில் மடிந்திருக்கும் கவை போன்ற உறுப்பைத் தரையில் அடித்து எகிறுகின்றன. பூஞ்சையையும் மட்கிய இலையையும் தின்பவை. தோட்டத்துக்கு இவற்றால் பொதுவாகக் கேடில்லை.

தமக்குச் சொந்தமில்லாத தீவில் போய் இறங்கும்போதுதான் சிக்கல். தென்னாப்பிரிக்காவில் 2021 வரை போர்ட் எலிசபெத் எனப்பட்ட நகரிலிருந்து ஏறத்தாழ 1,800 கி.மீ. தென்கிழக்கே, குளிர்ந்த கடல் நடுவே இருக்கிறது மரியன் தீவு. அங்கே மரமே கிடையாது. செத்த புல்லையும் பாசியையும் மட்கச் செய்து மண்ணுக்குச் சத்தைத் திருப்பித் தரும் வேலையில் பெரும்பங்கு புழுக்கள், உண்ணி இனச் சிற்றுயிர்கள், உள்ளூர் ஸ்பிரிங்டெயில்கள் ஆகியவற்றுடையது. இந்தக் கூட்டத்துக்குள் இன்று ஐரோப்பிய ஸ்பிரிங்டெயில்களும் குடியேறியிருக்கின்றன.

இவ்வளவு தூரத்தை அவை தாமாகத் தாண்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். 1948 முதல் வானிலை நிலையத்துக்குச் சரக்கு வந்தது. கட்டுமானப் பொருளில் ஒட்டிய மண், காய்கறி வேர், பூட்ஸின் அடிப்பாகம் என ஈரம் தங்கும் இடமெல்லாம் இவற்றுக்கு வாகனம்தான். சில இனங்களில் ஆண் இல்லாமலே பெண் முட்டையிட்டுப் பெருகும். அப்படிப்பட்ட ஒன்று கரையேறினாலே போதும்.

வந்தவை தாழ்வான கரையோரத்தில், சத்தும் ஈரமும் மிகுந்த இடங்களில் செழிக்கின்றன. மேலே குளிர்ந்த பாறைவெளி பெரும்பாலும் உள்ளூர் இனங்களிடமே இருக்கிறது. ஆனால் அந்த எல்லை நிலைக்குமா என்பதே என் கவலை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரியனில் வெப்பம் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடியது, மழை குறைந்தது. ஸ்டீவன் சௌன் என்ற ஆய்வாளரின் குழுவினர் தீவின் ஸ்பிரிங்டெயில்களைச் சில நாள் வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, பிறகு வறட்சியில் விட்டுப் பார்த்து, முடிவை 2007இல் வெளியிட்டார்கள். வெதுவெதுப்பில் பழகிய அயல் இனங்கள் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கின. அதே வெதுவெதுப்பில் பழகிய உள்ளூர் இனங்களோ குளிரில் பழகியவற்றைவிட விரைவில் மடிந்தன. சூடும் வறட்சியும் சேர்ந்து வரும்போது சாதகம் புதியவர்களுக்கே.

பெரிய விலங்கு என்றால் கணக்குத் தீர்க்க வழியுண்டு. 1949இல் மரியனுக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகள் பல்கிப் பெருகின. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1991 வாக்கில் ஒழிந்தன. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் முயல், எலி, சுண்டெலி மூன்றும் ஒழிந்ததாக 2014இல் அறிவித்தார்கள். மண்துகள்களுக்கு நடுவே வாழும் ஒரு மில்லிமீட்டர் உயிரை யார் தேடிப் பிடிப்பது? விஷம் தெளித்தால் உள்ளூர் இனங்களும் சேர்ந்தே சாகும். ஆகவே தடுப்பது மட்டுமே வழி. மரியனுக்குப் போகிறவர்கள் பூட்ஸைக் கழுவி, உடையின் பைகளையும் மடிப்புகளையும் சுத்தம் செய்த பிறகே கரையிறங்க வேண்டும்.

அண்டார்டிகாவின் டிசெப்ஷன் தீவிலும் அயல் ஸ்பிரிங்டெயில்கள் நிலைத்துவிட்டன. ஆண்டுதோறும் சுற்றுலாப் பயணிகள் இறங்கும் இடம் அது. எந்தத் தீவுக்குப் போனாலும் காலணியில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுப் போங்கள். வேரோடு எந்தச் செடியையும் கொண்டுபோகாதீர்கள்.