மோட்டாருக்கும் டிரைவுக்கும் பொருத்தம் பார்த்தாச்சா?

ஜாதகம் பார்க்கிறவர்கள் பத்துப் பொருத்தம் என்பார்கள். பத்தில் ஏழு தேறினால் போதும், மேளம் கொட்டிவிடலாம். சி.என்.சி. மிஷின் விஷயத்தில் அத்தனை தாராளம் கிடையாது. இங்கே பொருத்தம் நாலே நாலு. நாலும் தேற வேண்டும். ஒன்று தவறினாலும் முகூர்த்தத்தன்றே புகை வரும். ஹோமப் புகை இல்லை சார், நிஜப் புகை!

சி.என்.சி. என்றால் என்ன என்று கேட்கும் ஆபீஸ்வாசிகளுக்காக ஒரு பாரா. கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு மோட்டார்கள் மேஜையையும் கட்டரையும் நகர்த்தும். இரும்பு வேண்டிய வடிவத்தில் செதுக்கப்பட்டுவிடும். அவ்வளவுதான் சமாசாரம். இதன் தாத்தாவை 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டை போட்ட நாடாவைப் படித்து மூன்று திசையில் நகர்ந்த மில்லிங் மிஷின் அது. கண்ட்ரோல் பெட்டிக்குள் பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி வால்வுகள்!

இந்த வம்சத்துக்கே ஒரு விசேஷம் உண்டு. உடம்புக்கு ஆயுசு அதிகம், மூளைக்குக் கம்மி. வார்ப்பிரும்பு பெட் முப்பது வருஷம் ஆனாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டு செத்துவிட்டால் மாற்றுப் போர்டு கிடைக்காது. செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்துபோயிருக்கும். பழைய உடம்பை வைத்துக்கொண்டு மூளையையும் நரம்பையும் மட்டும் புதுசாக மாற்றுகிற ஆபரேஷனுக்கு ரெட்ரோஃபிட் என்று பெயர்.

கோவையில் இந்த ஆபரேஷன் செய்கிறவர்களில் நானும் ஒருத்தன். கணபதி பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணா ஒருத்தர் கூப்பிட்டிருந்தார். அவரிடம் இருப்பது 1989-ம் வருஷத்து மில்லிங் மிஷின். அதை நம்பி இரண்டு ஆபரேட்டர்கள், பம்ப் பாகம் செய்து தரும் ஆர்டர்கள். கண்ட்ரோல் படுத்து ஒரு மாசம் ஆகியிருந்தது. காயலான் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

"புது மிசினுக்கு பேங்க்ல ஏறி எறங்கிட்டனுங்க தம்பி. வீட்டுப் பத்தரத்தக் கேக்கறாங்க. இத ஓட்டிக் குடுத்துருவீங்ளா?"

முதலில் இரும்பைப் பார்த்தேன். இரும்பு தேய்ந்திருந்தால் எந்த டிரைவாலும் அதைக் காப்பாற்ற முடியாது. டயல் கேஜை வைத்து பால் ஸ்க்ரூவில் எத்தனை ஆட்டம் என்று அளந்தேன். 0.01 மில்லிமீட்டர்தான். டி.சி. சர்வோ மோட்டார்களும் நன்றாக இருந்தன. கார்பன் பிரஷ்ஷும் என்கோடரும் மாற்றினால் போதும். "ஓடும்ணா" என்றேன்.

சர்வோ என்பது என்ன? சாதாரண ஸ்டெப்பர் மோட்டார், 'பத்து அடி நகரு' என்றால் நகர்ந்ததாக நினைத்துக்கொள்ளும் குமாஸ்தா. சர்வோ கூடவே ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு வரும். அந்த ஆடிட்டர்தான் என்கோடர். எத்தனை சுற்றியது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே இருப்பார். குறைந்தால் டிரைவ் இன்னும் கொஞ்சம் கரண்ட்டைத் தள்ளும். அந்த டிரைவை வாங்கத்தான் பொருத்தம் பார்க்கிறோம்.

முதல் பொருத்தம்: வோல்ட்டேஜ்

வோல்ட்டேஜ்தான் வேகம். சுற்றுகிற மோட்டார் ஒரு டைனமோவும்கூட. நாம் தள்ளும் வோல்ட்டேஜை எதிர்த்துத் தன் பங்குக்கு ஒரு வோல்ட்டேஜை உண்டாக்கும். எங்கள் மோட்டாரில் 1000 சுற்றுக்கு 20 வோல்ட். மேஜை நிமிஷத்துக்கு 10 மீட்டர் ஓட வேண்டும். ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும். ஆகவே 2000 சுற்று. எதிர்ப்பு 40 வோல்ட். மோட்டார் சுருளின் தடை 0.8 ஓம், 10 ஆம்பியர் ஓடினால் அதற்கு 8 வோல்ட். மொத்தம் 48. முடுக்கத்துக்குக் கையிருப்பும் சேர்த்தால் 60 வோல்ட் பக்கம் சப்ளை வேண்டும். இதற்கு 80 வோல்ட் தாங்கும் டிரைவ் சரி.

இரண்டாம் பொருத்தம்: ஆம்பியர்

கரண்ட்தான் முறுக்குபலம். விற்பனைத் தாளில் '30 ஆம்பியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அடியில் எறும்பு எழுத்தில் 'சில விநாடிகளுக்கு மட்டும்' என்று இருக்கும். மாப்பிள்ளை சம்பளத்தில் ஓவர்டைமையும் சேர்த்துச் சொல்கிற கதை! நாள் முழுக்க எத்தனை ஆம்பியர் தரும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மோட்டார் பக்கமும் அப்படித்தான். கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளில் உண்டாகும் சூடு நாலு மடங்கு. கிளம்பும்போது ஒரு விநாடி தாங்கும். ஒரு மணி நேரம் தாங்காது.

மூன்றாம் பொருத்தம்: பவர் சப்ளை

இங்கேதான் எங்களுக்குள் சண்டை. அண்ணா எங்கேயோ மலிவாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பிடித்து வைத்திருந்தார். 55 வோல்ட்.

"டிரைவ் 80 தாங்கும்னீங்க. இது 55 தானுங்களே. 25 மிச்சமிருக்குதுங்க!"

"அது ஏ.சி. 55-ங்ணா. டி.சி. ஆக்கினா கூடிப்போயிரும்."

டிரான்ஸ்ஃபார்மர் தரும் ஏ.சி.யை ரெக்டிஃபையர் டி.சி.யாக்கும். கெபாசிட்டர் அதன் உச்சிவரை நிரம்பும். உச்சி என்பது 1.414 மடங்கு. ரெக்டிஃபையரில் ஒன்றரை வோல்ட் போனாலும் 55 என்பது 76 ஆகிவிடும். அது மெயின்ஸ் 230 வோல்ட்டாக இருந்தால். ராத்திரி பக்கத்துப் பட்டறையெல்லாம் மூடின பிறகு 250 வந்தால்? 83! டிரைவ் காலி. அதுவும் மிஷின் சும்மா நிற்கிறபோதே.

45 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கட்டச் சொன்னேன். சாதாரணமாக 62 டி.சி., மெயின்ஸ் 250 ஆனாலும் 68. கெபாசிட்டர் என்பது நம் வீட்டு மொட்டைமாடி டேங்க் மாதிரி. மெயின்ஸ் விநாடிக்கு 100 தடவை அதை நிரப்பும். நடுவில் 10 மில்லிவிநாடி டேங்க் தண்ணீரில்தான் பிழைப்பு. 20,000 மைக்ரோஃபாரட் போட்டால், 10 ஆம்பியர் இழுக்கும்போது 5 வோல்ட்டுக்கு மேல் இறங்காது. பத்தாயிரத்தோடு சிக்கனம் பிடித்தால் இறக்கம் 10 வோல்ட் வரை போகும்.

நாலாம் பொருத்தம்: திரும்பி வரும் சீர்

ஓடுகிற மேஜையை சடாரென்று நிறுத்தினால் அந்த சக்தி எங்கே போகும்? மோட்டார் டைனமோவாகி, வாங்கினதை சப்ளைக்கே திருப்பித் தரும். மேஜையும் அதன் மேல் வேலையும் சேர்த்து 300 கிலோ, அதுதான் முக்கால்வாசி சக்தி என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டால் அதில் 4 ஜூல்தான். 32 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு மீட்டர் ஸ்க்ரூ வெறும் ஆறேகால் கிலோ. அது 2000 சுற்றில் சுழல்வதால் 18 ஜூல் வைத்திருக்கிறது! ஆனை அமைதி, அணில்தான் ஆட்டம்.

உராய்வு போக 20 ஜூல் கெபாசிட்டருக்குத் திரும்பினால் 62 வோல்ட் 76 ஆகும். ராத்திரி 68-ல் இருந்தால் 81. மறுபடியும் எல்லை தாண்டல். அதனால் 72-ஐத் தாண்டியதும் மிச்சத்தை ஒரு ரெசிஸ்டரில் விட்டுச் சூடாக எரித்துவிடும் சர்க்யூட் போட்டேன். பிரேக்கிங் ரெசிஸ்டர் என்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பல எஸ்.எம்.பி.எஸ்.களுக்குக் கொடுக்கத் தெரியும், திருப்பி வாங்கத் தெரியாது. மேஜை நிற்கும்போதெல்லாம் சப்ளையும் நின்றுவிடும்.

மோட்டாரையும் மாற்றி ஏ.சி. சர்வோ போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பான் டிரைவ்களில் நிறைய 200 வோல்ட் மூன்று ஃபேஸ் கேட்கும். நம் ஊர் மூன்று ஃபேஸ் 415. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 230-ல் ஓடும் டிரைவின் வயிற்றுக்குள் 325 வோல்ட் டி.சி. இருக்கும். ஸ்விட்சை அணைத்ததும் கையை விடாதீர்கள். கெபாசிட்டர் காலியாகச் சில நிமிஷம் ஆகும். சார்ஜ் விளக்கு அணைந்தபின், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

நாலு பொருத்தம் மிஷினுக்கு. ஐந்தாவது ஒன்று உண்டு. அது மனுஷனுக்கு.

மேலும் கீழும் போகிற மிஷின் தலை 120 கிலோ. பால் ஸ்க்ரூ வழுக்கலானது. கரண்ட் போனால் சாதா ஸ்க்ரூ மாதிரி பிடித்து நிற்காது, தலை தானாக இறங்கும். அதற்காகத்தான் அந்த மோட்டாரில் ஒரு ஸ்பிரிங் பிரேக். 24 வோல்ட் இருந்தால் விடும், இல்லாவிட்டால் கவ்வும். பழைய பிரேக் தேய்ந்திருந்தது. புதுசின் விலையைப் பார்த்து அண்ணா மலைத்தார்.

"இது இப்பத்திக்கு வேண்டாமுங்க தம்பி. கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்குதுங்க."

"ஜெனரேட்டர் எடுக்க பத்து செகண்டாவது ஆகும்ணா. பையன் அடியில கைவிட்டுப் பிசிறு தொடச்சிட்டிருந்தா?"

ஆபரேட்டர் பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பதினாறு வயசில் டீ வாங்கித் தர வந்தவன், இப்போது அந்தப் பட்டறையின் வலதுகை. அண்ணா அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேரமே பேசவில்லை. பிரேக்கும் வந்தது. கண்ட்ரோலுக்கும் என்கோடருக்கும் தனியாக 24 வோல்ட் சப்ளையும் வந்தது. அவசர பட்டனை அடித்தால் மோட்டார் பவர் மட்டும் போகும். மேஜை எங்கே நிற்கிறது என்கிற கணக்கு அழியாது.

உங்கள் மாமாவோ சிநேகிதரோ பட்டறையில் டிரைவ் வாங்கப் போகிறேன் என்றால், விலையைக் கடைசியில் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை சுற்று, எத்தனை ஆம்பியர் நாள் முழுக்க, மெயின்ஸ் ஏறினால் எத்தனை வோல்ட், நிறுத்தினால் சக்தி எங்கே போகும்? ஒரு துண்டுக் காகிதம், ஒரு கால்குலேட்டர், அரை மணி நேரம் போதும். தலை தொங்குகிற மிஷினானால் பிரேக்கையும் அதே லிஸ்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் மிஷின் ஓட ஆரம்பித்த அன்று, தலையைப் பாதி உயரத்தில் நிறுத்தி, அடியில் டயல் கேஜை வைத்தேன். மெயின் ஸ்விட்சைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். பத்துத் தடவையும் முள் இரண்டு கோட்டுக்கு மேல் அசையவில்லை. பையன் பதினோராவது தடவை தானே ஒருமுறை அணைத்துப் பார்த்துவிட்டு, பிசிறு துடைக்கும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தான்.