தக்காளி 200 ரூபாய்க்குப் போனதும், சாலையில் கொட்டப்பட்டதும்... கிச்சனில் ஒரு பொருளாதாரப் பாடம்!

2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் 100 ரூபாயைத் தாண்டிய ஒரு கிலோ தக்காளி, மாதக் கடைசியில் 200 ரூபாயைத் தொட்டது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றது.

எங்கள் வீட்டில் அம்மா, "தக்காளி இல்லைனா ரசம் கொதிக்காதா என்ன?" என்று புளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்துவிட்டார். பொருளாதாரப் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'பதிலீட்டுப் பண்டம்'. ஒன்றின் விலை ஏறினால் இன்னொன்றுக்கு மாறுவது.

ஆனால் எல்லாக் குழம்புக்கும் புளி ஈடாகாது. கால் கிலோவாவது வாங்கத்தான் செய்தோம். விலை ஏறிய அளவுக்கு நாம் வாங்குவது குறையவில்லை. அதனால்தான் வரத்து கொஞ்சம் குறைந்தாலே விலை பல மடங்கு எகிறுகிறது. பழுத்த தக்காளியைப் பல நாள் சேமித்து வைக்கவும் முடியாது.

அடுத்து நடந்ததுதான் வேதனை. நல்ல விலையைப் பார்த்த விவசாயிகள் பலரும் தக்காளி நட்டார்கள். நாற்று நட்டு அறுவடைக்கு வர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். எல்லோருடைய விளைச்சலும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால்? செப்டம்பரில் விலை சரிந்தது. சில இடங்களில் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.

'கொட்டுவதற்குப் பதில் குறைந்த விலைக்காவது விற்கலாமே' என்று நமக்குத் தோன்றும். விவசாயியின் கணக்கு வேறு. உரத்துக்கும் நாற்றுக்கும் போட்ட பணம் போனது போனதுதான். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட விலை கட்டாவிட்டால், விற்க விற்க நஷ்டம்தான் கூடும். கொட்டுவது கோபத்தில் மட்டுமல்ல, கணக்குப் போட்டும்தான்.

இப்படி விலை ஏறுவதும் சரிவதும் மாறி மாறி வருவதற்கு, 1934-ல் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 'சிலந்தி வலை' என்று பெயர் வைத்தார். வலையில் யாரும் முட்டாள் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சரியாகவே யோசிக்கிறார்கள். மொத்தமாகச் சேரும்போது எல்லோருக்கும் நஷ்டம்.

நாம் என்ன செய்யலாம்? விலை சரியும்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி, தொக்கு செய்து வைக்கலாம். ஒரு வீடு வாங்குவதால் சந்தை மாறிவிடாது. பல வீடுகள் வாங்கினால் விவசாயிக்குப் பறிப்புக் கூலியாவது மிஞ்சும். அடுத்த முறை விலை ஏறும்போது, உங்கள் வீட்டுத் தோசைக்குத் தொக்கும் தயார்!