எரிமலைத் தீவில் மழையோடு மூன்று நாட்கள்

எரிமலை பார்க்கவென்று பாரிசிலிருந்து பதினொரு மணிநேரம் பறந்துபோய், எரிமலையின் உச்சியைக் காணாமலே திரும்பி வந்தவர்கள் நானும் என் மனைவியும். "மழை பார்க்கவா இவ்வளவு காசு செலவழித்தீர்கள்? அது பீலெஃபெல்டில் சும்மா கிடைக்குமே" என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மழை மறைத்தது மலையை மட்டும்தான். அந்த மழையால் நாங்கள் ஒதுங்கி நின்ற இடங்களில் கண்டதை எம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் போனது ரீயூனியன் தீவுக்கு. மடகஸ்காருக்குக் கிழக்கே, இந்து சமுத்திரத்தில் எரிமலைகள் கக்கிய குழம்பால் உருவான தீவு. பரப்பளவு 2,512 சதுர கிலோமீற்றர். யாழ் மாவட்டத்தைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 1946இலிருந்து பிரான்சின் ஒரு மாவட்டமாக இருப்பதால் அங்கே புழங்குவது யூரோதான். ஜேர்மன் குடியுரிமை உள்ளவர்களுக்கு அடையாள அட்டையே போதும். ஆனால் ஷெங்கன் உடன்படிக்கைக்குள் இத்தீவு அடங்காது. எனவே வதிவிட அனுமதியோ அகதிக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் ரிக்கற் வாங்குமுன் பிரெஞ்சுத் தூதரகத்தில் விசாரிப்பது அவசியம்.

மார்ச் மாதம் அங்கே மழைக்காலத்தின் கடைசிப் பகுதி. ரிக்கற் மலிவு என்பதால் அந்த மாதத்தைத் தெரிவு செய்தோம். மலிவின் காரணம் போனபிறகுதான் விளங்கியது. தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று மலையில் மோதி, கிழக்குக் கரையில் கொட்டித் தீர்த்துவிடும். மேற்குக் கரைக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். எங்கள் மலைநாட்டில் ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் வெயிலுமாக இருப்பதைப் போன்றதே இது. 1966 ஜனவரியில் ஒரு சூறாவளியின்போது இத்தீவின் ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 24 மணிநேரத்தில் 1,825 மில்லிமீற்றர் மழை பெய்தது. இன்றுவரை உலக சாதனை அதுதான். பீலெஃபெல்டில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெய்யும் மழை, அங்கே ஒரே நாளில்!

தலைநகர் சென் தெனியில் சிறிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். தீவைச் சுற்றும் கரையோர வீதி ஏறக்குறைய 200 கிலோமீற்றர். ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்றார்கள். எங்களுக்கு மூன்று நாட்கள் பிடித்தன.

முதல் நாள் கிழக்கே போனோம். இரு பக்கமும் கரும்புத் தோட்டங்கள். சென் அந்த்ரே ஊரை நெருங்கியதும் கண்ணாடித் துடைப்பான் இழுக்க இழுக்க முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஒதுங்குவதற்கு இடம் தேடியபோது மழைக்குள்ளால் வண்ணக் கோபுரம் ஒன்று தெரிந்தது. "இஞ்சருங்கோ, கோயிலடியிலயே நிப்பாட்டுங்கோ" என்றார் மனைவி.

அங்கே எப்படிக் கோவில் என்று கேட்பீர்கள். 1848இல் அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860இல் பிரான்சும் பிரித்தானியாவும் செய்த உடன்பாட்டின்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களில் கப்பல் ஏறினார்கள். அவர்கள் படும் பாட்டைக் கண்டு 1882இல் பிரித்தானியா அதை நிறுத்தியது. அந்த நூற்றாண்டில் போனவர்கள் ஓர் இலட்சத்துக்கும் அதிகம், பெரும்பாலானோர் தமிழர். இன்று அவர்களுடைய சந்ததியினரை 'மல்பார்' என்கிறார்கள். பிரான்சில் இனவாரிக் கணக்கெடுப்புக் கிடையாது. ஆனாலும் தீவின் எட்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் நாலில் ஒரு பங்கினர் அவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

உள்ளே மாரியம்மன், முருகன், மதுரைவீரன், முனீஸ்வரன் எல்லோரும் இருந்தார்கள். பூசாரிக்கு முப்பது வயதிருக்கும். நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவரும் "வணக்கம்" என்றார். அதற்குமேல் என் தமிழ் அவருக்கு விளங்கவில்லை. மனைவி முன்பு பாரிசில் தமக்கையோடு இருந்தவர். பிரெஞ்சு ஓரளவு கதைப்பார். பூசை தொடங்கியதும் பூசாரி ஒரு கொப்பியைத் திறந்து பாடினார். உச்சரிப்பு வேறாக இருந்தாலும் பாடியது தமிழ்தான். எட்டிப் பார்த்தேன். கொப்பியில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. "பொருள் தெரியுமா?" என்று மனைவி கேட்டார். "கொஞ்சம் தெரியும். தாத்தா பாடினபடியே பாடுகிறேன்" என்றார் அவர். ஆண்டுதோறும் பாஞ்சாலி அம்மனுக்காகத் தீ மிதிப்பதாகவும் சொன்னார். அவர்களுடைய வாயில் அந்தப் பெயர் 'பந்தியாலே' ஆகிவிட்டது.

மழை சற்று விட்டதும் தெற்கே போனோம். சென்ற் ரோஸ் பகுதியில் 1977இல் எரிமலைக் குழம்பு ஒரு ஊருக்குள் இறங்கியது. வீடுகளை அழித்து வந்த குழம்பு, தேவாலயத்தைச் சூழ்ந்து, வாசலுக்குள் புகுந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதனால் அந்தத் தேவாலயத்துக்கு 'எரிகுழம்பு மாதா' என்று பொருள்படும் பெயர் வந்தது. இன்னும் தெற்கே, 2007 ஏப்ரலில் பாய்ந்த குழம்பு பிரதான வீதியையே மூடிக் கடலுக்குள் விழுந்து புதிய நிலத்தை உண்டாக்கியிருக்கிறது. வீதியை அதன் மேலேயே மறுபடி போட்டிருக்கிறார்கள். 2,632 மீற்றர் உயரமான இந்த எரிமலை 2019இல் மட்டும் ஐந்து தடவை வெடித்தது. நாங்கள் நின்ற நேரம் உச்சி முழுவதும் முகில். கறுத்த பாறையில் முதலில் சாம்பல் நிறக் கற்பாசி பிடிக்கிறது, பிறகு பன்னச் செடி, பிறகுதான் மரம்.

அன்றிரவு சென் பிலிப்பில் தங்கினோம். தகரக் கூரையில் மழை அடித்தது. ஊரில் மாரிமழைக்குப் பாயில் படுத்துக் கேட்ட அதே சத்தம். வெகுநேரம் மனைவி பேசவில்லை. பிறகு கேட்டார்: "எங்கட பேரப்பிள்ளையளும் டொச் எழுத்திலதான் தேவாரம் பாடுங்களோ?" எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீட்டிலும் நாங்கள் தமிழில் கேட்டால் பிள்ளைகள் டொச்சில்தானே பதில் சொல்கிறார்கள்?

மறுநாள் ஆற்று நீர் வீதிக்கு மேலால் பாய்ந்ததால் பாதையை மறித்திருந்தார்கள். இரண்டு மணிநேரம் காத்திருந்துதான் போக முடிந்தது. சென் பியேர் நகரில் மழை விட்டிருந்தது. கூரையிட்ட சந்தைக்குள் நுழைந்ததும் மனைவிக்கு முகம் மலர்ந்தது. ஒரு வயோதிப மாது இலைக்கட்டு ஒன்றைக் காட்டி "கலுபிலே" என்றார். பார்த்தால் கறிவேப்பிலை! முருங்கையிலைக்கு 'முறும்', பீர்க்கங்காய்க்கு 'பிபங்காய்'. அவர்கள் சோற்றோடு உண்ணும் 'ருகாய்' என்ற உறைப்புத் தொடுகறியின் பெயர் ஊறுகாயிலிருந்து வந்ததாம். ஒரு வசனம் தமிழ் பேசத் தெரியாத அந்த அம்மாவின் கூடையில் இத்தனை தமிழ்ச் சொற்கள்!

காரில் ஏறியதும் மனைவி சொன்னார்: "கையால செய்யிறது எல்லாம் மிஞ்சியிருக்கு. வாயால சொல்லிக் குடுத்ததில பாதி மிஞ்சியிருக்கு. எழுதிப் படிக்கவேண்டியதுதான் போட்டுது."

அவர் சொன்னது சரி. ஆனால் அந்த மக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைக் கடைசி நாள் கண்டோம்.

சென் தெனிக்குத் திரும்பும் வழியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கிரான்ட் ஷலூப் என்ற இடம் இருக்கிறது. கப்பலால் இறங்கிய கூலிகளைத் தொற்றுநோய்க்குப் பயந்து அடைத்துவைத்த கட்டடங்கள் அங்கே இருந்தன; சிலவற்றைத் திருத்திப் பாதுகாக்கிறார்கள். தூறலில் நனைந்தபடி அந்தக் கற்சுவர் அருகே நின்றபோது, ஜேர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் ஹைமில் போர்வையும் தட்டும் வாங்க வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. ஆனால் எங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டப்பட்டவர்கள். வந்தவர்களில் பெண்கள் குறைவு. ஆகையால் பல வீடுகளில் தாய்மொழி தமிழாக இருக்கவில்லை. தோட்டத்தில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. பலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். அப்படியிருந்தும் 150 ஆண்டுகளுக்கு மேலாகக் கோவிலையும் தீமிதிப்பையும் கறிவேப்பிலையையும் விடவில்லை. இன்று சங்கங்கள் தமிழ் வகுப்புகள் நடத்துகின்றன. விட்டதை எட்டிப்பிடிக்க முயல்கிறார்கள்.

எங்களுக்கு என்ன சாட்டு இருக்கிறது? சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை இருக்கிறது. புத்தகம் இருக்கிறது. ஒரு மணிநேர ஓட்டத்தில் ஹம் காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது. வீட்டில் தாய் தகப்பன் இருவருக்கும் தமிழ் தெரியும். வேலை அலுப்புத்தான் சாட்டு. கோவிலும் சோறும் கறியும் தாமாகவே எம்மோடு வந்துவிடும் என்பதை அந்தத் தீவில் கண்டோம். எழுத்து மட்டும் தானாக வராது. யாராவது பிள்ளையின் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

பீலெஃபெல்டில் வந்து இறங்கியபோதும் மழைதான். எங்கள் குசினி யன்னலோரச் சட்டியில், ஒவ்வொரு குளிர்காலமும் சாகப்போய்ப் பிழைத்துக்கொள்ளும் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. அன்று மாலை பதினேழு வயது இளைய மகளிடம் ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் கொடுத்து, செடியின் பெயரை எழித் தொங்கவிடச் சொன்னேன். 'றி' போடுவதா 'ரி' போடுவதா என்று கேட்டாள். தாய் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார். எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் தமிழெழுத்து.