எண் புறம்போக்கு: செத்த கம்பெனிகளிடமிருந்து தொலைபேசிக் குறியீடுகளை மீட்பது

1

2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோரின் கைபேசி ஊமையாகிப் போனது. 1999இல் இங்கே தொடங்கி வளர்ந்த ஏர்செல் படுத்துவிட்டது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமானால் 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒரு குறியீட்டு எண் வாங்க வேண்டும். குறுஞ்செய்தி போக சிக்னல் வேண்டும். சிக்னல் இருந்தால் ஏன்யா மாத்தப்போறோம் என்று கடை வாசல்களில் வரிசையில் நின்றவர்கள் சண்டை போட்டார்கள். மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. ட்ராய் தலையிட்டு, ஏப்ரல் 15 வரை அவகாசம் வைத்தது.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி ஒன்றுதான்: 'என் நம்பர் போயிடுமா?' இந்த 'என்' என்கிற சொல்லைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது. நம்பர் யாருடையது? நம்முடையதா, கம்பெனியுடையதா, அரசுடையதா? கம்பெனி உயிரோடு இருக்கும்வரை இந்தக் கேள்வி எழுவதில்லை. அது செத்த பிறகுதான், சாவு வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு எழுவதுபோல, உடைமை பற்றிய பேச்சு வெளியே வருகிறது.

இந்தக் கேள்விக்கு விதிகளாகவும் வழக்குகளாகவும் விரிவாகப் பதில் எழுதிப் பார்த்த இடம் அமெரிக்கா. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் உள்ளூர்ச் சேவையில் போட்டியைத் திறந்துவிட்டது. கம்பெனிகள் கூட்டங்கூட்டமாகப் பிறந்தன. 2000–2002க்குள் கூட்டங்கூட்டமாகச் செத்தும் போயின. எனவே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

2

அமெரிக்காவின் எண் திட்டம் 1947இல் ஏ.டி.அண்டு.டி. என்கிற ஏகபோகக் கம்பெனி வகுத்தது. பத்து இலக்கம். முதல் மூன்று வட்டாரக் குறியீடு. அடுத்த மூன்று இணைப்பகக் குறியீடு. கடைசி நான்கு சந்தாதாரருக்கு உரியவை. நான்கு இலக்கத்தில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஆக, ஒரு இணைப்பகக் குறியீடு என்பது 10,000 எண்கள் கொண்ட ஒரு கட்டு. ஒரு வட்டாரத்தில் இப்படிப்பட்ட கட்டுகள் 792. எல்லாம் சேர்ந்தால் 79 லட்சத்து 20 ஆயிரம் எண்கள்.

ஏன் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்ட வேண்டும்? இணைப்பகக் குறியீடு ஒரு கட்டடத்தின் விலாசம். இந்த அழைப்பு எந்த ஊரின் எந்த இணைப்பகத்துக்குப் போக வேண்டும், எவ்வளவு தூரம், என்ன கட்டணம் என்பதை எந்திரம் முதல் ஆறு இலக்கங்களைப் படித்தே தீர்மானித்தது. ஒரே கம்பெனி, ஊருக்கு ஒரு இணைப்பகம் என்றிருந்த காலத்தில் இது சிக்கனமான ஏற்பாடு.

போட்டி வந்தபோது கம்பெனிகள் பெருகின, கட்டு மட்டும் பழைய கட்டாகவே இருந்தது. புதிதாக வருகிற ஒவ்வொரு கம்பெனிக்கும், அது தொழில் செய்ய விரும்பும் ஒவ்வொரு கட்டண வட்டத்திலும் ஒரு முழுக் கட்டு வேண்டும். அந்த வட்டத்தில் அதற்கு ஐம்பது வாடிக்கையாளர்கள்தான் என்றாலும் 10,000 எண்கள் அதன் பெயரில் போய்விடும். மிச்சம் 9,950 எண்கள் யாருக்கும் கிடையாது. பத்துக் கம்பெனி பத்து வட்டங்களில் கடை விரித்தால் பத்து லட்சம் எண்கள் போச்சு. எண்களை யாரும் பேசித் தீர்க்கவில்லை, பிரித்துக் கொடுத்த முறையே தின்று தீர்த்தது.

இதன் பெயர்தான் 'எண் பற்றாக்குறை'. செய்தித்தாள்கள் தொலைநகல் எந்திரத்தையும், கைபேசியையும், இணைய மோடத்தையும் குற்றம் சொல்லின. மக்கள் ரொம்பப் பேசுகிறார்கள், அதனால் எண் தீர்ந்துவிட்டது என்பதே அன்றைய சொல்லாடல். இந்த எந்திரங்களும் எண்களைத் தின்றது உண்மையே. ஆனால் யாருமே பேசாத லட்சக்கணக்கான எண்களைப் பற்றி இந்தச் சொல்லாடல் மௌனம் சாதித்தது.

மௌனம் கலைந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில். அங்கே 310 என்ற வட்டாரம் 1991இல் பிறந்து, 1997இல் பிளக்கப்பட்டு 562 தனியாகப் போனது. இரண்டே வருஷம். 1999இல் மறுபடியும் எண் இல்லை என்றார்கள். அதே நிலப்பரப்பின் மேல் 424 என்கிற இரண்டாவது குறியீட்டைப் போர்த்தப் போகிறோம், இனி பக்கத்து வீட்டுக்குக்கூட வட்டாரக் குறியீட்டையும் சேர்த்துத்தான் சுழற்ற வேண்டும் என்றார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். கலிஃபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 1999 செப்டம்பரில் திட்டத்தை நிறுத்திவைத்து, உண்மையில் எத்தனை எண்கள் பயன்பாட்டில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க உத்தரவிட்டது. எண்ணிப் பார்த்தால், தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த வட்டாரத்தில் சுமார் 30 லட்சம் எண்கள் சும்மா கிடந்தன.

பற்றாக்குறை இயற்கையல்ல, அது உற்பத்தி செய்யப்படுகிறது என்று நாம் நிலம் பற்றியும் தானியம் பற்றியும் பேசிவந்திருக்கிறோம். இங்கே அது வெறும் இலக்கங்களில், கிடங்குகூட இல்லாமல், உற்பத்தியாகியிருந்தது.

3

2000 மார்ச்சில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்.சி.சி.) விதிகளை வகுத்தது. முதலாவது, ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு இரண்டு முறை கணக்குக் கொடுக்க வேண்டும்: எத்தனை எண் வாடிக்கையாளரிடம், எத்தனை ஒதுக்கிவைத்தது, எத்தனை சும்மா கிடப்பது. இரண்டாவது, கட்டைப் பத்தாக உடைத்து ஆயிரம் ஆயிரமாகக் கொடுப்பது. ஓர் ஆயிரத்தில் பத்து சதவீதம் வரைதான் பயன்பாட்டில் இருக்கிறதென்றால் அதைப் பொதுக் குளத்தில் போட்டுவிட வேண்டும். இந்த முறையை 1998லேயே இல்லினாய் மாநிலத்தின் 847 வட்டாரத்தில் சோதித்துப் பார்த்திருந்தார்கள்.

மூன்றாவதுதான் மீட்பு. குறியீடு வாங்கிய கம்பெனி ஆறு மாதத்துக்குள் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்து, கொண்டுவந்ததாக எழுதியும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எண் நிர்வாகி அந்தப் பெயரை மாநில ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையம் விசாரித்து அவகாசம் கொடுக்கலாம், அல்லது பிடுங்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் அடிப்படையாக ஆணையம் எழுதிவைத்த கோட்பாடு ஒரு வரியில் அடங்கும்: எண் பொது வளம், கம்பெனிக்கு அதில் சொத்துரிமை கிடையாது.

நம்முடைய வருவாய்த் துறைப் பாஷையில் சொன்னால் எண் என்பது புறம்போக்கு. கம்பெனிக்கு இருப்பது அனுபோகம், பட்டா அல்ல. சென்னைப் பேச்சில் வசவாகிவிட்ட இந்தச் சொல்லுக்குத் தனியார் யாருக்கும் பாத்தியமில்லாத பொது இடம் என்று பொருள் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

உயிரோடிருக்கும் கம்பெனியிடம் நோட்டீஸ் அனுப்பிப் பிடுங்கிவிடலாம். செத்த கம்பெனியிடம்? 2001இல் வின்ஸ்டார், டெலிஜென்ட், ஈ.ஸ்பயர் என்று வரிசையாகத் திவால் நீதிமன்றத்துக்குப் போனார்கள். திவாலானவர்களில் சிலர் கடனைச் சீரமைத்துக்கொண்டு பிழைப்பார்கள், சிலர் விலைபோவார்கள், சிலர் அப்படியே காணாமல் போவார்கள். காணாமல் போகிறவர்களிடம்தான் சிக்கல். கடிதம் போட்டால் வாங்க ஆள் இல்லை. இணைப்பக எந்திரத்தை அணைத்தாகிவிட்டது. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் பார்த்துப் பார்த்து அழைப்புகளை அனுப்புகிற பொதுப் பட்டியலில் அந்தக் குறியீடு இன்னமும் செத்தவர் பெயரில் இருக்கிறது.

சரி, ஆள் செத்தாச்சு, பெயரை அடித்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கதான் விஷயம் இருக்கு. அந்தக் கட்டுக்குள் உயிரோடு சிலர் குடியிருக்கிறார்கள்.

கம்பெனி மாறியும் நம்பரை மாற்றாதவர்களைச் சொல்கிறேன். அவர்களுக்கு அழைப்பு வரும் விதம் இப்படி: வழியிலுள்ள வலையமைப்பு முதலில் அந்த எண்ணின் குறியீடு நபர் மாறக்கூடிய குறியீடா என்று பார்க்கிறது. ஆம் என்றால் ஒரு பொதுத் தரவகத்தைக் கேட்கிறது. 'இந்த நபர் இப்போது இன்ன இணைப்பகத்தில் இருக்கிறார்' என்று பதில் வருகிறது. அழைப்பு அங்கே போகிறது. பட்டியலிலிருந்து குறியீட்டையே நீக்கிவிட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு குறியீடே இல்லை என்று வலையமைப்பு தரவகத்தைக் கேட்காமலேயே அழைப்பைத் தள்ளிவிடும். செத்த கம்பெனியை விட்டு என்றோ வெளியேறி, வேறு கம்பெனிக்கு மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டுகிறவருக்கும் போன் வராது. அவர் அழைக்கலாம், அவரை யாரும் அழைக்க முடியாது.

ஆகவே நடைமுறை வேறு மாதிரி அமைந்தது. குடியிருப்பவர் யாரும் இல்லையென்றால் குறியீட்டை மீட்டுப் பொதுவில் சேர்ப்பது. இருந்தால், அவர்களை வாடிக்கையாளராகக் கொண்டிருக்கிற உயிருள்ள கம்பெனிகளில் ஒன்றைத் தேடி, 'இந்தக் கட்டை நீ பொறுப்பேற்றுக்கொள்' என்று கேட்பது. இன்னொரு காரணமும் உண்டு. இடம் மாறிய எண்ணை வாடிக்கையாளர் ஒருநாள் கைவிட்டால் அது பிறந்த கட்டின் உரிமையாளரிடமே திரும்பிப் போகும் என்பது விதி. திரும்பிப் போன இடத்தில் ஆளே இல்லையென்றால் அந்த எண் யாருக்கும் இல்லாத எண்ணாக அங்கேயே கிடக்கும்.

மீட்பு என்றால் பிடுங்குவது என்றே நாம் நினைக்கிறோம். இங்கே மீட்பு என்பது பெரும்பாலும் அடையாளம் காண்பது: அந்த இடத்தில் யார் குடியிருக்கிறார், அவருக்கு யார் பொறுப்பு என்று. காலியிடம் என்று ஆவணம் சொல்லும் இடமெல்லாம் காலியாக இருப்பதில்லை. இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

4

அரசு இவ்வளவு சுலபமாக 'இது பொது வளம், திருப்பிக் கொடு' என்று சொல்ல முடிந்தது எப்படி? அதே காலத்தில், அதே ஆணையம் இன்னொரு பொது வளத்தில் தோற்றுப்போன கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

1996 ஏலத்தில் நெக்ஸ்ட்வேவ் என்கிற புதிய கம்பெனி 470 கோடி டாலருக்கு மேல் கேட்டு அலைக்கற்றை உரிமங்களை எடுத்தது. சின்னக் கம்பெனிகளுக்கு உதவுவதாகச் சொல்லி ஆணையம் பணத்தைத் தவணையில் கட்ட அனுமதித்தது. 1998இல் கம்பெனி திவால் மனு போட்டது. தவணை வரவில்லை. உரிமம் ரத்து என்றது ஆணையம். 2001 ஜனவரியில் மறு ஏலம் விட்டது, அதே உரிமங்களுக்குச் சுமார் 1,600 கோடி டாலர் கேட்டார்கள். ஆனால் நீதிமன்றம் தடுத்தது. 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவாகச் சொன்னது: கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும், திவாலானவரின் உரிமத்தை அரசு அமைப்பு ரத்து செய்யக்கூடாது என்று திவால் சட்டம் சொல்கிறது, ஆணையமும் அதற்குக் கட்டுப்பட்டது. நெக்ஸ்ட்வேவ் பிறகு அந்த உரிமங்களைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்றுக் காசாக்கியது.

இரண்டையும் அருகருகே வையுங்கள். அலைக்கற்றையை அரசு விலைபேசியது. விலைபேசிய கணத்தில் பொதுவின் காவலர் என்கிற இடத்திலிருந்து இறங்கிக் கடன்கொடுத்தவர் என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. கடன்காரர்கள் வரிசையில் அதுவும் ஒரு ஆள். எண்ணை அரசு விற்கவில்லை. பயன்படுத்து, இல்லையேல் கொடு என்கிற நிபந்தனையோடு கையில் வைத்தது. அதனால்தான் ஒரு கடிதத்தில் திரும்பக் கேட்க முடிந்தது. விற்ற பொதுச் சொத்தை மீட்க முடியவில்லை, விற்காததை மீட்க முடிந்தது. பொது வளத்தைச் சந்தையில் விட்டால் அது திறமையான கைக்குப் போய்ச் சேரும் என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்வதில்லை.

இதனால் ஆணையத்துக்குப் புனிதர் பட்டம் கட்ட வேண்டியதில்லை. கட்டுகளை அள்ளி அள்ளிக் கொடுத்ததும் அதே அமைப்புதான். மீட்பு பற்றாக்குறையை ஒழித்துவிடவும் இல்லை. 310இன் மேல் 424 கடைசியில் 2006இல் போர்த்தப்பட்டது. ஏழு வருஷம் தள்ளிப் போனது, அவ்வளவுதான். எண் விற்பனைக்கு அல்ல என்கிற கொள்கையும் ஓட்டை விழாமல் இல்லை. 2019 டிசம்பரில் 833 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்களில் பலரும் போட்டியிட்ட 17,000க்கும் மேற்பட்டவற்றை ஆணையமே ஏலத்துக்கு விட்டது. நம் ஊரில் 'ஃபேன்சி நம்பர்' ஏலம் பழகிப்போன காட்சி. பேசுவதற்கான எண் பயன்மதிப்பிலிருந்து பரிவர்த்தனை மதிப்புக்கு நழுவும் வாசல் இது. அந்த வாசல் அகலமானால், அடுத்த முறை ஒரு கம்பெனி சாகும்போது எண்கள் சொத்துப் பட்டியலில் ஏறும். நெக்ஸ்ட்வேவ் கதை எண்ணுக்கும் நடக்கும்.

5

மறுபடியும் அந்தக் கடை வாசல் வரிசைக்கு வருவோம். 'என் நம்பர் போயிடுமா?' என்று கேட்டவரிடம் என்ன பதில் சொல்வது?

நம்பர் உன் சொத்து அல்ல. கம்பெனியின் சொத்தும் அல்ல. நீ அதில் குடியிருக்கிறாய். கடன் புத்தகத்தில் உன் பெயர், வங்கியில் உன் கணக்கு, ரேஷன் அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் தொங்குகின்றன. குடியிருப்பவரின் உரிமை சொத்துரிமையைவிடக் கீழானது என்று சட்டப் புத்தகங்கள் நமக்குப் பழக்கியிருக்கின்றன. ஆனால் மேலே பார்த்த நடைமுறையில் செத்த கம்பெனியின் பெயரைவிட, அந்தக் கட்டில் மிச்சமிருக்கும் ஒரு குடியிருப்பாளரின் பாத்தியம்தான் வலுவாக நின்றது. அவர் ஒருவருக்காகப் பொறுப்பேற்க ஆள் தேட வேண்டியிருந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பிரித்துக் கொடுத்த எண்களில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்கிற கணக்கு மக்கள் பார்வைக்கு வருகிறதா? சும்மா வைத்திருப்பதற்குக் கெடு உண்டா? ஏர்செல் வரிசையில் பிறந்து இன்று வேறு கம்பெனிகளில் வாழும் எண்களுக்கு யார் பொறுப்பாளி, கைவிடப்படும்போது அவை யாரிடம் திரும்புகின்றன? இவற்றைக் கேட்க எஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை. புறம்போக்கு யார் பெயருக்கு மாறுகிறது என்று தாலுகா ஆபீசில் போய் அடங்கலைப் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.