மேய்ச்சல் நாட்டைக் காண வாரீர்

ஓசூருக்கு விஜயம் செய்யும் யாத்திரிகர்கள் சிப்காட் ஆலைகளைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி வரை சென்று வருமாறு வேண்டுகிறோம். காவிரிக்கரை மட்டும் மலையும் காடும் பரந்து கிடக்கும் அப்பிரதேசத்தில் ஜனங்கள் சொற்பமே. ஆலம்பாடி மாடுகளைக் காட்டுப் பட்டிகளில் அடைத்து, புல்லும் நீரும் உள்ள இடம் தேடி ஓட்டிச் சென்று ஜீவித்தவர்களின் நாடு அது.

2014ஆம் வருஷத்தில் அங்கே சுமார் 504 சதுர கிலோமீட்டர் காடு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. சரணாலயங்களில் மாடு மேய்ப்பதற்குச் சென்னை ஐகோர்ட் 2022இல் தடை விதித்தது. வனவிலங்குகளைக் காப்பது கடமை என்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் அங்கீகரித்திருக்கிறதே. சரணாலயங்களும் அச்சட்டத்திற்கு உட்பட்டவைதாமே!

சுமார் 35 லட்சம் ஜனங்களே வசிக்கும் விசாலமான மங்கோலியா, தனது 1992ஆம் வருஷத்து அரசியல் சாசனத்தில் மேய்ச்சல் நிலம் தனியார் சொத்தாவதை விலக்கி வைத்தது. மந்தையின்றி அத்தேசமில்லை என்பதை அது உணர்ந்திருக்கிறது. நம் சர்க்காரோ, மேய்ப்போரின் உரிமை மனுக்களைக் கிராம சபைகளின் மூலம் விசாரித்துத் தீர்த்தாலே போதும். யாத்திரிகர்களே, சாலையோரக் கிராமங்களில் அம்மக்களிடம் பேசிப் பாருங்கள். மேய்ச்சல் அற்றால் ஆலம்பாடி இனமும் அற்றுப்போம் என்பது விளங்கும்.